காமன் பொட்டலும் ஏழு பேர்ச்சஸும்: ஊவாத் தோட்டங்களின் புதிய குடியிருப்புகளும் கூட்டுக் கலையும்

மலையகத் தொழிலாளரின் கலைகள் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் பாடல்களைத் தொகுப்பனவாகவோ கூத்துகளின் கதையைக் கூறுவனவாகவோ அமைந்திருத்தலைக் காணலாம். அம்மக்களின் குடியிருப்புப் பற்றிய எழுத்துகளோ அறைகளின் நீள அகலம், மலசலகூடங்களின் தொகை, கடன் திட்டங்கள் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. கூத்து எந்த நிலத்தில் ஆடப்படுகின்றது என்னும் வினா முதல்வகை எழுத்தில் எழுவதில்லை. இரண்டாம்வகை எழுத்தில் கூத்து என்னும் சொல்லே இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும் சிறு முயற்சியாகும். பதுளை மாவட்டத் தோட்டங்களை நாம் களமாகக் கொள்வதற்குக் காரணமுண்டு. கொஸ்லாந்தையை அடுத்த மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து லயன்களை மூடிய பின்னர், தோட்ட மக்களைப் புதிய நிலத்திற் குடியமர்த்தல் என்பது தொழிற்சங்க மேடைகளின் நெடுங்காலக் கோரிக்கை என்ற நிலையைக் கடந்து, உயிர் காக்கும் அவசரமாக மாறியது. அவசரத்தில் வரையப்படும் வரைபடங்களிலேதான் மக்களின் கூட்டு வாழ்க்கை முதலிற் பலியாகின்றது என்பது எமது கருத்து.

ஊவாவின் தோட்டமொன்றில் நடைபெற்ற வீட்டமைப்புக் கூட்டமொன்றில் நாம் ஓர் ஓரமாக அமர்ந்திருந்தோம். புதிய குடியிருப்பின் வரைபடம் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரே அளவான சதுரங்கள். நடுவே ஒரு பாதை. ஒரு மூலையில் நீர்த்தாங்கி. கேள்விகள் யாவும் எவருக்கு எந்த எண் வீடு, உறுதிப்பத்திரம் எப்பொழுது என்பன பற்றியே எழுந்தன. அவை எழ வேண்டிய கேள்விகளே. இறுதியில் முதியவள் ஒருத்தி, காமனை எங்கே ஊன்றுவது என்று கேட்டாள். சிலர் சிரித்தனர். வந்திருந்த உத்தியோகத்தருக்குக் கேள்வி விளங்கவில்லை. விளக்கிக் கூறியபொழுது, கோயிலுக்கு இடம் பின்னர் பார்க்கலாம் என்றார். ஆனால் அவள் கேட்டது கோயிலைப் பற்றியன்று.

*

காமன் கூத்து மாசி மாதத்துக்குரியது. அமாவாசையின் பின்னர் மூன்றாம் பிறையளவில் காமன் ஊன்றப்படும். கரும்பும் மரக்கொம்புகளும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பமே காமன். தோட்டத்துப் பொது வெளியில், பொட்டல் என்றும் திடல் என்றும் வழங்கும் இடத்தில் அது நடப்படும். அன்றிலிருந்து பூரணை வரையும் இரவுதோறும் தப்பு முழங்கும். இரதி மன்மத வேடந் தாங்குவோர் விரதம் பூண்டவர்கள். அவர்கள் லயம் லயமாக ஆடிச் செல்வர். ஒவ்வொரு வாசலிலும் விளக்கேற்றி வரவேற்பு நிகழும். இறுதி இரவு விடியுமட்டும் ஆட்டம். தூதன் வருவான், தட்சன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான், குறவன் குறத்தியும் வருவர். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவான். பொட்டலில் நின்ற காமனுக்குத் தீ வைக்கப்படும். இரதியின் ஒப்பாரி எழும். பின்னர் உயிர்ப்பித்தற் சடங்கு நிகழும்.

இக்கூத்தில் ஆடுவோர் யார், பார்ப்போர் யார் என்று கோடு கிழித்தல் அரிது. நேர்த்தி வைத்தவன் வேடங் கட்டுகிறான். வேடங் கட்டாதவன் வீட்டுக்கு ஒரு பங்கெனப் பணந் தருகிறான், விறகு சேர்க்கிறான், தேநீர் வைக்கிறான். பகலிற் கொழுந்தும் கவ்வாத்தும், இரவிற் கூத்தும் என அப்பதினைந்து நாளும் தோட்டம் முழுவதுமே ஒரு நாடகக் குழுவாகின்றது. இன்று மேலைநாட்டுக் கலைக்கூடங்களிற் ‘பங்கேற்புக் கலை’ எனப் பெரிதாகப் பேசப்படுவதை, பார்வையாளனைச் செயலாளனாக்க வேண்டுமெனப் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் 1970 களில் வற்புறுத்தியதை, எமது தோட்டத் தொழிலாளர் கோட்பாட்டுப் பெயரெதுவுமின்றிச் செய்து வந்துள்ளனர். இதனை இனப்பெருமைக்காகக் கூறவில்லை. சடங்கும் உழைப்பும் பிரியா நிலையில், கூட்டாகச் செய்யும் கலையே மூலவடிவம் என்பதை ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க நாடகத்தை முன்வைத்தும், அவரிடம் ஆய்வு செய்த பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ் நாடகத்தை முன்வைத்தும் விளக்கியுள்ளனர். தோட்டத்துச் சமூகமோ புராதன சமூகமன்று. ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்யும் முதலாளித்துவப் பண்ணையின் கூலி உழைப்பாளர் சமூகம் அது. அத்தகைய சமூகம் இச்சடங்கை ஏன் இத்துணை இறுகப் பற்றிக்கொண்டது என்பதே ஆராயத்தக்கது.

கதையிலேயே ஒரு குறிப்புள்ளது. மன்மதன் தன் விருப்பால் அம்பெய்யச் செல்லவில்லை. தேவர்களின் ஏவலாற் செல்கிறான். ஏவியவர்கள் தப்புகின்றனர், ஏவலைச் செய்தவன் சாம்பலாகிறான். ஏவல் வாழ்வே வாழ்ந்த மக்கள் இக்கதையில் தம்மைக் கண்டனர் எனல் மிகையாகலாம். தஞ்சைப் பகுதியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து லாவணி பாடிய மக்களுக்கும் இதே கதைதானே இருந்தது. எனவே இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நாம் வற்புறுத்தவில்லை. கதையினும் முதன்மையானது இக்கூத்து நிலத்தைப் பயன்படுத்தும் முறை என்றே நாம் கருதுகிறோம்.

*

லயம் என்னும் குடியிருப்பு வடிவம் வீட்டுக்காக எழுந்ததன்று, வேலைக்காக எழுந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவை ஒட்டிய காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு சேர்த்து இரட்டை வரிசையாக, அமைக்கப்பட்டன. முன்னே ஓர் இஸ்தோப்பு. மலையுச்சியில் துரை பங்களா, அதன்கீழ் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ், அதன்கீழ் லயங்கள். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைப் பகுதியில் லிப்டன் அமர்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் இடம் இன்று உல்லாசப் பயணிகள் ஏறிச் செல்லும் காட்சித்தளமாகியுள்ளது. மேலிருந்து கீழே பார்த்தல் என்பதே தோட்டத்தின் திட்டமிடல் விதி. விடியற்காலையில் தொழிலாளரை ஒருங்கு திரட்டிய இடம் பிரட்டுக்களம். ஆக, தோட்டத்தின் வரைபடத்தில் மக்கள் ஒன்றுகூட அனுமதிக்கப்பட்ட இடம் வேலைக்குக் கூடும் இடமே.

இந்த வரைபடத்தின் மீதுதான் காமன் கூத்து ஆண்டுதோறும் வேறொரு வரைபடத்தை வரைகின்றது. பிரட்டுக்களத்துக்குப் பதிலாகப் பொட்டல் நடுவிடமாகின்றது. மேட்டு லயம், பணிய லயம், நடு லயம் என்று பிரிந்து கிடப்பவை இரதி மன்மதனின் நடையால் ஒரு வட்டமாக இணைக்கப்படுகின்றன. தப்பொலி கேட்கும் எல்லையே ஊரெல்லை. நிலத்தில் ஓரங்குலமும் தமக்கு உரிமையில்லாத மக்கள், பதினைந்து இரவுகளுக்கு அந்நிலத்தைத் தம் ஊராக அளந்து கொள்கின்றனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலை எண்ணிப் பங்கிடப்பட்ட மக்களுக்கு இவ்வளத்தல் எத்துணை பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிக் கூறுவதால் லயத்தை நாம் போற்றுகிறோம் எனக் கொள்ளலாகாது. இப்பிழையைச் செய்யும் எழுத்துகள் அண்மையிற் பெருகியுள்ளன. நகரத்திலிருந்து வந்து, லயத்தின் ‘கூட்டு வாழ்க்கை’யைக் கண்டு நெகிழ்ந்து செல்வோர், அந்த ஒற்றையறையில் மூன்று தலைமுறை உறங்குவதை எண்ணுவதில்லை. ஊவாக் கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ சிறுகதையில் அவ்வறையின் நெருக்கடி மனித உறவை எவ்வாறு குலைக்கின்றது என்பதைக் கூசாது எழுதினார். அக்கதையை வாசித்தவர் எவரும் லயத்துக்காகக் கண்ணீர் விடமாட்டார். மேலும் கங்காணி முறைக் காலத்தில் லயங்கள் சாதி நோக்கியும் ஒதுக்கப்பட்டன. தப்படிப்போர் யார், இரதியாக ஆடத் தகுந்தவர் யார் என்பவற்றிலும் அப்பிரிவினை நுழைந்தது. இரதியின் துயரைக் கூத்து பாடுகின்றது. ஆயினும் இரதி வேடம் ஆணுக்கே உரியது. நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண், அவ்விரவிலும் வாசலில் விளக்கேந்தி நிற்பவளாகவே இருக்கிறாள். பங்கேற்பு என்னும் சொல்லை ஆராயாது பயன்படுத்துவோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

*

லயத்திலிருந்து தனிவீட்டுக்குச் செல்லல் ஒரு சனநாயக உரிமை. இவ்விடத்தில் மார்க்சியர் சிலருக்கு ஏற்படும் தயக்கத்தையும் பேசிவிட வேண்டும். ஏங்கெல்ஸ் 1872 இல் எழுதத் தொடங்கிய ‘வீட்டுப் பிரச்சினை’க் கட்டுரைகளில், தொழிலாளிக்குச் சிறு வீடும் தோட்டமும் உடைமையாக்கினாற் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற வாதத்தைக் கடுமையாக மறுத்தார். அவ்வுடைமை தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போட்டு, முதலாளியின் கூலிக்குறைப்புக்குப் பணிய வைக்கும் என்றார். இதனை மேற்கோள் காட்டி, ஏழு பேர்ச்சஸ் காணியும் அத்தகைய பொறியே என்பாருளர். ஆனால் அதே கட்டுரைகளில், தொழிற்சாலை முதலாளியே வீட்டுக்குரியவனாகவும் இருக்கும் முறையை ஏங்கெல்ஸ் எவ்வாறு தாக்குகிறார் என்பதை அவர்கள் வாசிப்பதில்லை. வேலைநிறுத்தம் செய்தவனை மறுநாளே தெருவில் தள்ளக்கூடிய ஆயுதம் அது. லயம் அந்த முறையின் தூய வடிவம். வேலையை விட்டால் காம்பராவும் போயிற்று. ஆதலால் ஊவாவிற் காணியுரிமை கோரும் தொழிலாளியை ‘சிறுவுடைமை மனப்பான்மை’ என்று ஏசுவது, நூலைப் பாதியில் மூடிவைத்தவர் செய்யும் வேலை.

இவ்வுரிமைக்குச் சட்டங்களும் நெடுங்காலம் குறுக்கே நின்றன. 1987 இன் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாக விளங்கிற்று. அஃது 2018 இலேயே திருத்தப்பட்டது. ஒரு பதுளைத் தோட்டத்தொழிலாளி வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவனது லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட முடியாதிருந்தது. தோட்டப்பகுதிகளிற் புதிய கிராமங்களை உருவாக்கவென ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கென ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகளின் வேலை 2016 இல் ஆரம்பமாயிற்று. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடொன்று ஏறக்குறைய 550 சதுர அடி. காணி ஏழு பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி. லயக் காம்பராவின் 120 சதுர அடியோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று.

எமது முறைப்பாடு அளவு பற்றியதன்று. வரைபவர் யார் என்பது பற்றியது. கொஸ்லாந்தை அனர்த்தத்தின் பின்னர் மாக்கல்தெனியவில் எழுந்த குடியிருப்பாயினும், ஏனைய திட்டங்களாயினும், வரைபடத்தின் அலகு குடும்பமே. குடும்பத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஓர் எண். குடும்பங்களுக்கு இடையில் உள்ளதெல்லாம் பாதை, வடிகால் என்னும் எச்சமாகவே எஞ்சுகின்றது. மேலிருந்து பார்த்து லயம் வரைந்த துரையின் கண்ணுக்கும் இக்கண்ணுக்கும் நோக்கில் வேறுபாடுண்டு. நிற்கும் இடத்தில் வேறுபாடில்லை. எகிப்திய கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தி லுக்சோருக்கு அருகில் 1940 களில் புதிய குர்னா என்னும் ஊரை மண்செங்கல்லால் எவ்வளவோ அன்போடு கட்டினார். அழகிய ஊர். ஆயினும் பழைய குர்னா மக்களில் மிகப் பெரும்பான்மையோர் அங்கு செல்ல மறுத்துவிட்டனர். அவர்களின் பிழைப்பும் உறவும் பழைய ஊரின் நிலத்தோடு பிணைந்திருந்தன. ஊவாவில் மக்கள் மறுக்கவில்லை, மறுக்க இயலாது. மண்சரிவு அபாயமுள்ளதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட சரிவில் வாழ்பவருக்கு மறுக்கும் ஆடம்பரம் இல்லை. மீரியாபெத்தை பற்றி 2005 இலும் 2011 இலும் முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டதாக அந்நிறுவனம் அனர்த்தத்தின் பின்னர் கூறிற்று. எச்சரிக்கை இருந்தது, செல்ல இடம் இருக்கவில்லை.

*

மக்களே தம் வீட்டை வரையும் முறைக்கு எமது நாட்டிலேயே முன்மாதிரியுண்டு. அப்பொழுது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறை விரிவுரையாளராயிருந்த ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலை இங்குக் குறிப்பிடுகிறோம். போரால் இடம்பெயர்ந்த வடபுலத்து மக்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு அவர் கேட்டார். அவ்வாறு கிடைத்த எண்பது வரைபடங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டடக்கலை முறையில் அமைந்த வரைபடமொன்றும், ஓவியரது சொந்தக் கோட்டுச் சித்திரமொன்றும் உடன் வைக்கப்பட்டுள்ளன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசு தன் வரிக்காக எழுதிய ஏட்டின் பெயரை, மக்கள் தம் இழப்பை எழுதிய ஏட்டுக்குச் சூட்டியமை பொருத்தமானது. கைநடுக்கத்தோடு வரையப்பட்ட அவ்வீடுகளிற் கிணறும் மரமும் சுவரினும் பெரிதாக இருக்கின்றன.

இதனை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவரலாமா? முற்றாக இயலாது. யாழ்ப்பாணத்தவரின் தோம்பு, உடைமையாயிருந்த வீட்டை இழந்தவரின் தோம்பு. தோட்டத் தொழிலாளிக்கு இழப்பதற்கு உறுதி எழுதிய வீடு இருந்ததில்லை. அவருக்கு மீரியாபெத்தையில் இழந்தோரின் பெயர்கூட ஏட்டில் உறுதியாக இருக்கவில்லை. எத்தனை பேர் புதையுண்டனர் என்பதில் முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று முரணான எண்ணிக்கைகளே வெளிவந்தன என்பதை நினைவுகூர்வோம். தனி வீட்டின் தரைப்படத்தை வரையுமாறு ஊவாவிற் கேட்டால் ஒரு சதுரமும் ஓர் இஸ்தோப்பும் வரையப்படும், அவ்வளவே. கேட்க வேண்டியது ஊரின் தரைப்படத்தை. பீலி எங்கே, பிள்ளைக்காம்பரா எங்கே, மாரியம்மன் எங்கே, இறந்தவரைக் கிடத்தும் இடம் எங்கே, எந்த மரத்தடியிற் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துப் பேசுவர், காமன் எங்கே என்று கேட்டால் தாள் போதாது. தாளும் வேண்டியதில்லை. பிரட்டுக்களத்து நிலத்திலேயே கோலமாவு கொண்டு வரையலாம். கோலமிடும் கை இங்கு பெண்ணினது. காமன் கூத்து ஆணுக்கு ஒதுக்கிய நிலத்தை இங்குப் பெண் வரைவாள் என்பது இம்முறையில் எமக்குள்ள தனி விருப்பம்.

இக்கருத்துக்கு எதிராக ஒன்று கூறப்படலாம். கூத்தை எங்கும் ஆடலாமே, பாடசாலை மண்டபத்தில் ஆடினால் ஆகாதா என்பர். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றின் வழி ஈழத்துக் கூத்தை மீட்டெடுத்தபொழுது, வட்டக்களரியிலிருந்து அதனைப் படச்சட்ட மேடைக்கும், விடியும்வரை ஆடும் காலத்திலிருந்து சில மணித்தியாலத்துக்கும் கொண்டுவந்தார். அதன் வரலாற்றுப் பெறுமதியை நாம் மறுப்பதற்கில்லை. அதனாலேயே கூத்து அறிஞர் கவனத்தைப் பெற்றது. ஆனால் மேடைக்கு வந்த கூத்து ஊரைப் பிரிந்த கூத்து. பின்னாளில் மட்டக்களப்பிற் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊருக்குள்ளேயே, ஆடும் மக்களோடேயே செய்த கூத்து மீளுருவாக்கம், இக்குறையைக் கண்ட பின்னரே எழுந்தது. காமன் கூத்தை மண்டபத்துக்குள் கொண்டு செல்லலாம். லயம் லயமாக நடக்கும் நடையைக் கொண்டு செல்ல இயலாது. கம்பத்துக்கு மண்டபத்துக்குள் தீ வைக்கவும் முடியாது.

2023 இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நடைபயணத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். முன்னோர் நடந்த வழியைக் காலால் மீண்டும் வரைந்த செயல் அது. காணியும் வீடும் அதன் கோரிக்கைகளில் இடம்பெற்றன. நடந்து நிலத்தை உரிமையாக்கும் முறை இம்மக்களுக்குப் புதிதன்று.

இனி, எமது யோசனையின் விலையைப் பார்ப்போம். நூறு குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் வீதம் 700 பேர்ச்சஸ் வேண்டும். நான்கு ஏக்கரும் அறுபது பேர்ச்சஸும். காமன் ஊன்றி, ஊரே சுற்றி அமர்ந்து, தீயின் வெக்கை கூரைகளை எட்டாதபடி ஆட இருபது பேர்ச்சஸ் போதும் எனக் கொண்டால், அது மூன்று குடும்பங்களின் காணி. ஊவாவின் சரிவுகளில் வீடு கட்டத்தக்க பாதுகாப்பான நிலம் அருமை. மூன்று குடும்பங்கள் இன்னும் லயத்திற் கிடக்க, கூத்துக்கு நிலம் கேட்பதா என்று ஒருவர் எம்மைக் கேட்டால், அக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். தோட்டக் கம்பனியின் கையிலுள்ள தரிசு நிலத்தைக் கணக்கிற் கொண்டால் இக்கேள்வி எழவேண்டியதில்லை என்பது எமது நிலைப்பாடு. எனினும் அந்நிலம் கிடைக்கும்வரை, இடம் விடுவதா வீடு கட்டுவதா என்பதை அந்த நூறு குடும்பங்களே கூடி முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவு நில அளவையாளர் முளை அடிப்பதற்கு முன் எடுக்கப்பட வேண்டும்; நாம் இருந்த கூட்டத்தில், வரைபடம் சுவரில் ஒட்டப்பட்ட பொழுது முளைகள் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தன.